ஃப்ரிட்ஜில் கேஸ் தீர்வதில்லை

சித்திரை வெயில் ஏற ஏற ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகளின் செல்போனுக்கு ஓய்வு இருக்காது. புகார் பெரும்பாலும் ஒன்றேதான்: "கூலிங் பத்தலை." இரவு உள்ளே வைத்த இட்லி மாவு காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருக்கும். பால் மறுநாளே திரிந்திருக்கும். மெக்கானிக் படியேறுவதற்குள் வீட்டிலேயே நோயைத் தீர்மானித்துவிடுவார்கள்: "கேஸ் தீர்ந்துபோச்சு போல." வருகிறவரும் எல்லா நேரமும் இதை மறுப்பதில்லை. அரை மணி நேரத்தில் கேஸ் ஏறும், பணம் கைமாறும், ஃப்ரிட்ஜ் சில வாரம் நன்றாக ஓடும். பிறகு அதே மாவு, அதே வழிசல்.

கேஸ் தீர்வதில்லை. அடுப்பு சிலிண்டரில் இருக்கும் வாயு எரிந்து தீரும். ஃப்ரிட்ஜில் இருப்பது எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. பற்றவைத்து மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். குழாயில் எங்காவது ஓட்டை விழுந்தால் வெளியேறும். விழாதவரை பத்து ஆண்டானாலும் இருபது ஆண்டானாலும் அளவு அப்படியே இருக்கும். எனவே கேஸ் குறைந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஓட்டை எங்கே என்பதையும் அவர்தான் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் நிரப்பிவிட்டுப் போவது பழுது பார்ப்பதில் சேராது.

தீர்ந்துபோகிற குளிர்ச்சி ஒரு காலத்தில் இருந்தது. சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம் 1842இல் ஐஸ் சேமிப்பதற்காக எழுப்பப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து, பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு அனுப்பினார். வாங்கிய பாளம் உருகிவிட்டால் தீர்ந்தது. புதிதாக வாங்கத்தான் வேண்டும். பிறகு இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் அந்த வாணிபம் படுத்துவிட்டது. நம் நினைப்பு மட்டும் இன்னும் ஐஸ் ஹவுஸ் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது: குளிர்ச்சி என்பது பெட்டிக்குள் நிரப்பி வைக்கும் சரக்கு, தீர்ந்தால் மறுபடி நிரப்ப வேண்டும் என்று.

உண்மையில் ஃப்ரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதே இல்லை. கிணற்று நீரை மேட்டுக்கு இறைக்கும் பம்ப்செட் மாதிரி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே இறைக்கிறது. வெப்பத்தை அதன் போக்கில் விட்டால் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். எதிர்த் திசையில் தள்ளுவதற்குத்தான் மின்சாரம். தள்ளும் உத்தி பழையது. திரவம் ஆவியாகும்போது சுற்றியிருப்பவற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆவி மறுபடி திரவமாகும்போது அதே வெப்பத்தைக் கொட்டும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். பானையில் போன ஆவி போனதுதான். ஃப்ரிட்ஜில் அதைப் பிடித்து, அழுத்தி, திரவமாக்கித் திரும்பக் கொண்டுவருகிறோம்.

அந்தப் பயணத்தை ஒருமுறை பின்தொடர்ந்து பார்ப்போம். இப்போது விற்கும் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன் என்ற வாயு இருக்கிறது. பெயர்ப்பலகையில் ஆர் 600ஏ என்று போட்டிருக்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 11.7 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அழுத்தத்தை இன்னும் குறைத்தால் மைனஸ் 25 டிகிரியிலும் கொதிக்கும். ஃப்ரீசரை ஒட்டியுள்ள எவாப்பரேட்டர் குழாயில் நடப்பது அந்தக் கொதிப்புதான். அங்கே வெப்பத்தை வாங்கிக்கொண்ட ஆவியைக் கம்ப்ரசர் உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்தத்தால் சூடேறிய ஆவி கண்டென்சர் குழாய்களில் ஓடி, சமையலறைக் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகிறது. ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் டிரையர் என்ற சிறு உருளையைக் கடந்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துவாரமுள்ள நீண்ட கேபிலரி குழாய்க்குள் நுழைகிறது. அந்த இடுக்கைத் தாண்டியதும் அழுத்தம் சரிகிறது, மறுபடி கொதிப்பு. இத்தனை வேலையையும் செய்வது பெரும்பாலான வீட்டு ஃப்ரிட்ஜ்களில் நூறு கிராமுக்கும் குறைவான வாயு. சில நிமிடத்துக்கு ஒருமுறை அத்தனையும் ஒரு சுற்று வந்துவிடும்.

கூலிங் குறைந்தால் கேட்க வேண்டிய கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது: வெப்பம் எந்த இடத்தில் தடைபடுகிறது? தேவைக்கு மேல் உள்ளே நுழைகிறதா, உள்ளே இருப்பது எவாப்பரேட்டரைப் போய்ச் சேரவில்லையா, கண்டென்சரிலிருந்து வெளியே போகவில்லையா? இவை எல்லாமே வாயுச் சுற்றுக்கு வெளியே நடப்பவை. மூடிய குழாய்க்குள் கோளாறு என்பதைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். நம் ஊரில் அதையே முதலில் சந்தேகிக்கிறோம்.

முதலில் கோளாறு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். கை நம்பத்தகுந்த கருவி அல்ல. வெளியே 40 டிகிரி வெயிலில் வந்தவருக்கு 12 டிகிரியும் சில்லென்றுதான் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை நிறுத்தி நடுத்தட்டில் ஓர் இரவு முழுக்க வையுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. பூஜ்யத்துக்குக் கீழிருந்து காட்டும் சாதாரண வகை வேண்டும். தண்ணீர் எதற்கென்றால், கதவைத் திறந்த நொடியில் காற்றின் வெப்பம் மாறிவிடும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. காலையில் 4 டிகிரியை ஒட்டி இருந்தால் ஃப்ரிட்ஜ் நலம். ஃப்ரீசரில் மைனஸ் 18 இருக்க வேண்டும். நடுத்தட்டு 8, 10 என்று காட்டினால் மாவு பொங்கியதில் வியப்பில்லை. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களை ஃப்ரிட்ஜ் கொல்வதில்லை, மந்தமாக்கி வைக்கிறது. நாலைந்து டிகிரி கூடினால் அவை எழுந்து வேலையைத் தொடங்கிவிடும்.

அடுத்தது உள்ளே நுழையும் வெப்பம். இதில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 5 லிட்டர் தண்ணீரை 32 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்குக் கொண்டுவர 525 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நொடிக்கு 100 ஜூல் இறைக்கும் ஃப்ரிட்ஜ் என்று வைத்துக்கொண்டால், வேறு எந்த வேலையும் பார்க்காமல் அதற்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். விருந்தாளி வருகிறார் என்று ஐந்து பாட்டிலையும் ஒரே நேரத்தில் நிரப்பி வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் "கூலிங் இல்லை" என்பது ஃப்ரிட்ஜுக்கு இழைக்கும் அநீதி. ஆவி பறக்கும் சாம்பார்ப் பாத்திரத்தை அப்படியே உள்ளே தள்ளுவது இதைவிட மோசம்.

கதவைத் திறப்பதற்கும் கணக்கு உண்டு. 200 லிட்டர் பெட்டியின் காற்று முழுவதும் வெளியேறி, சென்னையின் 32 டிகிரிக் காற்று அங்கே புகுந்ததாகக் கொள்வோம். அந்தக் காற்றைக் குளிர வைக்க 6 கிலோஜூல் அளவுதான் செலவு. அதே காற்று கொண்டுவரும் ஈரம்தான் பெரிய வில்லன். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், உள்ளே வந்த நீராவியில் மூன்று கிராமுக்கு மேல் நீராகவோ பனியாகவோ படியும். படியும்போது விடும் வெப்பம் 8 கிலோஜூலைத் தாண்டும். கடற்கரை ஊர்களில் ஃப்ரிட்ஜுக்குச் சூட்டைவிடப் புழுக்கம்தான் அதிக வேலை வைக்கிறது. ஆனாலும் இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஒரு திறப்புக்கு இரண்டரை நிமிட வேலை. பிள்ளைகள் அடிக்கடி ஃப்ரிட்ஜைத் திறக்கிறார்கள் என்று திட்டுகிற வீடுகளில் உண்மையான குற்றவாளி பெரும்பாலும் சாம்பார்ப் பாத்திரம்தான். பிள்ளைகளை விட்டுவிடலாம்.

திறந்து மூடும் கதவைவிட, மூடியும் மூடாமல் இருக்கும் கதவு ஆபத்தானது. கதவைச் சுற்றியுள்ள கேஸ்கட்டுக்குள் காந்தப்பட்டை இருக்கிறது. அதுதான் கதவை உடலோடு ஒட்டவைக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கும் சிந்திய பாலும் படிந்து இறுகினாலோ, ரப்பர் ஓர் ஓரத்தில் சுருண்டாலோ, அந்த இடுக்கு வழியாக இரவு பகல் இருபத்துநாலு மணி நேரமும் ஈரக் காற்று உள்ளே போகும். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக வழுக்கி வந்தால் அந்த இடத்தில் பிடிப்பில்லை. நான்கு பக்கமும் இப்படிச் சோதிக்க வேண்டும், முக்கியமாகக் கீல் இருக்கும் பக்கம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பல கேஸ்கட்டுகள் உயிர்பெற்றுவிடும். முன்கால்களைச் சற்று உயர்த்தி வைத்தால் கதவு தானாகச் சாய்ந்து மூடிக்கொள்ளும்.

உள்ளே வந்த ஈரம் எங்கே போகிறது? இருப்பதிலேயே மிகக் குளிர்ந்த பரப்பைத் தேடிப் படிகிறது, அதாவது எவாப்பரேட்டரில். ஃப்ரிட்ஜ் கோளாறுகளில் பெரும்பகுதிக்கு இந்தப் பனிதான் மூலம். வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பனிக்கட்டியின் திறன் நூறில் ஒரு பங்கு. காற்றை அடைத்துக்கொண்டு பொருபொருவென்று படியும் பனிக்கு அதுவும் இல்லை. ஃப்ரீசரில் பனி மண்டிக் கிடப்பதைப் பார்த்து "நல்லா கூலிங் ஆகுது" என்று மகிழ்கிறவர்கள் உண்டு. அந்தப் பனி குளிர்ந்த தகட்டுக்கும் நம் உணவுக்கும் நடுவே விரித்த கம்பளி. அதன் பின்னால் கம்ப்ரசர் ஓடி ஓடி இளைக்கிறது.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் இதற்கு வழி எளிது. பனி அரை சென்டிமீட்டர் தடிப்பதற்குள் டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்திவிட வேண்டும். இரவில் அழுத்தினால் காலையில் உருகியிருக்கும். பொறுமை இல்லாமல் கத்தியால் சுரண்டுவதுதான் நம் வழக்கம். அந்தத் தகட்டை ஒட்டியே வாயுக் குழாய் ஓடுகிறது. கத்தி முனை இலேசாக இறங்கினால் போதும், "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம், ஃப்ரிட்ஜின் கதை முடிந்தது. கேஸ் உண்மையிலேயே காலியான ஃப்ரிட்ஜ்களில் கணிசமானவை இப்படிக் கத்திக்குத்து வாங்கியவை.

இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் பனி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இல்லை என்று பொருளல்ல. எவாப்பரேட்டர் ஃப்ரீசரின் பின்சுவருக்குள் மறைந்திருக்கிறது. அதன் மெல்லிய தகடுகளின் ஊடாக ஒரு சிறிய ஃபேன் காற்றை இழுத்து ஃப்ரீசருக்கும், ஒரு வழி மூலமாகக் கீழ்த்தட்டுக்கும் அனுப்புகிறது. கீழே தனியாகக் குளிர்விக்கும் குழாய் பெரும்பாலான மாடல்களில் கிடையாது. மேலிருந்து இறங்கும் காற்றுதான் எல்லாம். தகடுகளில் படியும் பனியைக் கரைக்க, சில மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கம்ப்ரசரை நிறுத்தி ஒரு ஹீட்டர் சூடேறும். ஃப்ரீசருக்குள் ஹீட்டரா என்று கேட்கத் தோன்றும். ஆம், ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்பதன் ரகசியமே அதுதான். உருகிய நீர் ஒரு துளை வழியாக இறங்கி, கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் தட்டில் சேர்ந்து, அதன் சூட்டிலேயே ஆவியாகிவிடும். காய்கறி டப்பாவின் அடியில் அடிக்கடி தண்ணீர் தேங்கினால் அந்தத் துளை அடைத்திருக்கிறது.

எனவே இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜில் முதலில் பார்க்க வேண்டியது: மேலே ஐஸ் உறைகிறதா? ஐஸ் கெட்டியாக இருந்து கீழே மட்டும் குளிரவில்லை என்றால் கம்ப்ரசரும் கேஸும் பெரும்பாலும் நிரபராதிகள். குளிர் உருவாகிறது, காற்றுதான் கீழே வரவில்லை. ஃபேன் நின்றிருக்கலாம். பல மாடல்களில் கதவைத் திறந்ததும் ஃபேன் நின்றுவிடும் என்பதால், கதவு சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். ஃபேன் ஓடியும் காற்று வரவில்லை என்றால், தகடுகளுக்கிடையே பனி இறுகி வழியை அடைத்திருக்கிறது. ஹீட்டர், அதை நிறுத்தும் பைமெட்டல் அல்லது சென்சார், அதிகமாகச் சூடேறாமல் காக்கும் ஃப்யூஸ், நேரம் பார்க்கும் டைமர், இவற்றில் ஒன்று செயலிழந்திருக்கும்.

இதை உறுதிசெய்ய ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவையில்லை. உணவை வேறிடத்துக்கு மாற்றி, பிளக்கைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்துபோட்டு ஒரு பகலும் ஓர் இரவும் விடுங்கள். பழைய துணிகளைக் கீழே விரிக்க மறக்க வேண்டாம், ஒளிந்திருந்த பனி எவ்வளவு தண்ணீர் என்பது அப்போது தெரியும். மறுபடி போட்டதும் ஃப்ரிட்ஜ் புதிதுபோல் குளிர்ந்து, சில நாளிலோ இரண்டு வாரத்திலோ பழைய நிலைக்கே சரிந்தால் டிஃப்ராஸ்ட் அமைப்பில்தான் கோளாறு. மாற்ற வேண்டிய பாகத்தின் விலை கம்ப்ரசரோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. இதே அறிகுறியைக் கேட்டுவிட்டு ஃபோனிலேயே "கேஸ் அடிக்கணும்" என்று சொல்பவரை வீட்டுக்கு அழைக்காமல் இருப்பது நல்லது. குளிரவில்லையே என்று திருகியைக் கடைசி எண்ணில் வைப்பதும் பயன் தராது. பனி இறுகிய தகட்டில் இன்னும் பனி சேரும்.

திருகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிலுள்ள எண் டிகிரி அல்ல. பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் எண் கூடக் கூடக் குளிர் கூடும். ஏ.சி. ரிமோட் பழக்கத்தில் ஒன்றாம் எண்ணில் வைத்துவிட்டுக் குளிரவில்லை என்று தவிப்பவர்கள் இருக்கிறார்கள். சில இரட்டைக் கதவு மாடல்களில் ஃப்ரீசருக்குள் இன்னொரு திருகியும் உண்டு. அது குளிரைக் கூட்டுவதில்லை, காற்றைப் பங்கு பிரிக்கிறது. அதை உச்சத்தில் வைத்தால் மேலேயே காற்று தங்கிக் கீழ்த்தட்டு காயும். காற்று வரும் துவாரத்தின் வாயிலேயே கொத்தமல்லிக் கட்டையும் மாவுப் பாத்திரத்தையும் வைத்து அடைப்பதும் இதே விளைவைத் தரும்.

மலையூர்களில் இதற்கு நேர்மாறான ஒரு விசித்திரம் நடக்கும். ஊட்டியில் மார்கழி இரவில் வீட்டுக்குள்ளேயே பத்து டிகிரிக்கும் கீழே போகலாம். பல ஃப்ரிட்ஜ்களில் தெர்மோஸ்டாட் ஒன்றே ஒன்று, அதுவும் கீழ்த்தட்டில். அங்கே ஏற்கெனவே குளிராக இருப்பதால் அது கம்ப்ரசரை ஓட விடாது. கம்ப்ரசர் ஓடாததால் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் இளகும். இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லை, குளிர்காலம் முடிந்தால் தானே சரியாகிவிடும். எந்தச் சூழலுக்கு இயந்திரம் வடிவமைக்கப்பட்டது என்பதைப் பெயர்ப்பலகையிலுள்ள எழுத்து சொல்லும். என் என்றால் 16 முதல் 32 டிகிரி வரை. எஸ்.டி. 38 வரை, டி 43 வரை. வேலூரில் வசிப்பவருக்கு டி வகையே பொருந்தும்.

அறைச் சூட்டுக்கும் கண்டென்சருக்கும் உறவு நேரடியானது. இறைத்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளக் காற்று வேண்டும். பழைய மாடல்களில் முதுகில் கறுப்பு வலையாகத் தெரியும் கண்டென்சர், புதியவற்றில் பக்கச் சுவர்களுக்குள் ஒளிந்திருக்கிறது. பக்கச் சுவர் சூடாக இருக்கிறது என்று பயந்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் ஏராளம். அந்தச் சூடு ஆரோக்கியத்தின் அடையாளம். நம் உணவிலிருந்து எடுத்த வெப்பம் அது. கம்ப்ரசர் நெடுநேரமாக ஓடியும் பக்கச் சுவர் சூடே ஏறவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் பக்கங்களிலும் பின்புறமும் கையளவு இடைவெளி விட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, வெளியே தெரியும் கண்டென்சரில் படிந்த தூசியைத் துடைத்தாலே மே மாதப் புகார்களில் பல மறைந்துவிடும். மேலே டவல், செய்தித்தாள், அரிசி டப்பா என்று அடுக்கி மூடாமல் இருப்பதும் இதில் சேரும்.

இனி கம்ப்ரசரே ஓடாத நிலை. விளக்கு எரிகிறது, ஆனால் உறுமல் இல்லை. அல்லது ஓரிரு நொடி உறுமிவிட்டு "டக்" என்று நிற்கிறது, சில நிமிடம் கழித்து மறுபடி அதே நாடகம். கம்ப்ரசர் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் மின்னழுத்தத்தைப் பாருங்கள். மோட்டாரின் கிளம்பும் விசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் விசை சுமார் 61 சதவீதமாகிவிடும். ஊர் முழுவதும் ஏ.சி. ஓடும் கோடை இரவில் இது அரிய சம்பவமல்ல. கிளம்ப முடியாத மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும். சூட்டைக் கண்டு ஓவர்லோடு பாதுகாப்பு இணைப்பைத் துண்டிக்கும். அந்த "டக்" கம்ப்ரசரைக் காப்பாற்றிய ஓசை.

மின்சாரம் போய் வந்த மறுநொடியே கிளம்ப மறுப்பதற்கும் காரணம் உண்டு. நின்ற கணத்தில் ஒரு பக்கம் உயர் அழுத்தம், மறு பக்கம் தாழ்வு. கேபிலரி வழியாக இரண்டும் சமமாகச் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் கிளப்பினால் மோட்டார் அழுத்தத்தை எதிர்த்துத் திணறும். ஸ்டெபிலைசர் உடனே மின்சாரம் விடாமல் தாமதிப்பது இதற்குத்தான். மின்னழுத்தம் சரியாக இருந்தும் "டக்" தொடர்ந்தால் கம்ப்ரசர் பக்கத்திலிருக்கும் ரிலேயைச் சோதிக்கச் சொல்லுங்கள். கையடக்கமான அந்தப் பாகம் உள்ளே உடைந்திருந்தால் குலுக்கும்போது கலகலக்கும். ரிலேயைச் சோதிக்காமல் கம்ப்ரசரை மாற்றச் சொல்வது அவசரம். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் கதை வேறு. வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்லிய ஓசையில் மணிக்கணக்கில் ஓடுவதே அதன் இயல்பு; "நிக்கவே மாட்டேங்குது" என்று கவலைப்பட வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் வாயுச் சுற்று. கேஸ் கசிந்த ஃப்ரிட்ஜின் லட்சணம் தனி: கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், கண்டென்சர் சூடேறாது, எவாப்பரேட்டரில் திரவம் நுழையும் முனையில் மட்டும் கொஞ்சம் பனி படிந்து மீதி வெறுமையாகக் கிடக்கும். கசிந்த இடத்தில் கம்ப்ரசர் எண்ணெயின் ஈரக்கறை தெரியலாம். ஐசோபியூட்டேன் சுற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓடும்போது அதன் தாழ்வழுத்தப் பக்கம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கும். அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால் கேஸ் வெளியேறுவதோடு நிற்காது, காற்றும் அதிலுள்ள ஈரமும் உள்ளே இழுக்கப்படும். ஈரம் கேபிலரியின் நுனியில் உறைந்து வழியை அடைக்கும். அடைத்ததும் கூலிங் நிற்கும், பனி உருகும், வழி திறக்கும், மறுபடி குளிரும், மறுபடி அடைக்கும். "ஒரு நேரம் நல்லா இருக்கு, ஒரு நேரம் இல்லை" என்ற புகார் பல சமயம் இதுதான். மெக்கானிக்குகள் சோக் என்பார்கள். இதற்குக் கேஸ் ஏற்றினால் தீராது. ஓட்டையை அடைத்து, டிரையரை மாற்றி, வேக்குவம் பம்ப்பால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் முழுக்க வெளியேற்றிய பிறகே கேஸ் ஏற்ற வேண்டும்.

எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது ஏன் முக்கியம் என்றால், இந்த வாயுக்களின் வரலாறே விபத்துகளின் வரலாறு. ஆரம்பகால ஃப்ரிட்ஜ்களில் அம்மோனியாவும் கந்தக டை ஆக்சைடும் ஓடின. 1920களில் பெர்லினில் ஃப்ரிட்ஜிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் ஒரு குடும்பம் இறந்த செய்தியைப் படித்து, ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் நகரும் பாகங்களே இல்லாத ஃப்ரிட்ஜ்களை வடிவமைத்துக் காப்புரிமைகள் பெற்றார்கள். அவை சந்தைக்கு வரவில்லை. 1930இல் தாமஸ் மிட்ஜ்லி, தான் கண்டுபிடித்த புதிய வாயுவை வேதியியலாளர்கள் முன்னிலையில் உள்ளிழுத்து மெழுகுவத்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார்: நச்சும் இல்லை, தீயும் பிடிக்காது. ஆர் 12 என்ற அந்த வாயு ஓசோன் படலத்தைத் தின்கிறது என்பது பிறகு தெரிந்து, 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் அதற்கு முடிவுகட்டியது. அடுத்து வந்த ஆர் 134ஏ ஓசோனைத் தொடவில்லை. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. ஐசோபியூட்டேனுக்கு இந்த இரண்டு குறையும் இல்லை. ஆனால் எரியும்.

பயப்படும் அளவு அல்ல. சமையலறை சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்க, ஃப்ரிட்ஜில் இருப்பது கிராம் கணக்கு. ஆனால் கசிவு இருக்கும் குழாயில் உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றாமல் பற்றவைக்கும் சுடரைக் காட்டுவது விபரீதம். ஆர் 134ஏவுக்கான கம்ப்ரசரில் 600ஏவை ஏற்றுவதும், 600ஏ கம்ப்ரசரில் 134ஏவை ஏற்றுவதும் தவறு. இரண்டின் எண்ணெயும் அழுத்தமும் வேறு. ஐம்பது அறுபது கிராம் வாயுவை "குழாய் சில்லுன்னு ஆச்சு, போதும்" என்று கைப்பதத்தில் ஏற்ற முடியாது. சில கிராம் கூடினாலும் குறைந்தாலும் கூலிங் கெடும். தராசு வேண்டும்.

கசிவு வெளியே தெரியும் இணைப்பில் இருந்தால் சரிசெய்வது நியாயம். சுவருக்குள், ஃபோமில் புதைந்த குழாயில் இருந்தால், அதுவும் பத்து ஆண்டைத் தாண்டிய இயந்திரமாக இருந்தால், செலவழிக்காதீர்கள். புதிது வாங்குவதே சிக்கனம். மற்ற நிலைகளில், பின்பக்கக் குழாயை வெட்ட யாரையும் அனுமதிப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஓட்டை எங்கே இருக்கிறது, வேக்குவம் பம்ப்பும் தராசும் கொண்டுவந்திருக்கிறீர்களா, பெயர்ப்பலகையில் எத்தனை கிராம் போட்டிருக்கிறது. நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார், காட்டுவார். பதில் வரவில்லை என்றால் வந்து பார்த்ததற்கான கூலியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.